மரத்தில் தட்டு மாதிரி ஒட்டியிருக்கும் காளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரத்தின் அடிப்பக்கத்தில், சுவரில் அடித்த அலமாரிப் பலகை போல நீட்டிக்கொண்டு, மேலே மண் நிறத்திலும் கீழே பால் வெள்ளையிலும் ஒரு காளான் இருக்கும். யாராவது ஒருவர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பாத வாரம் கிடையாது. கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலில் வரும் கேள்விகள் எளிமையானவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலாகும்.

இது நிஜமாவே காளானா? தட்டினா கட்டை மாதிரி சத்தம் வருதே, மரத்துல வந்த கட்டியா இருக்குமோ?

காளான்தான். மரம் தன் திசுவால் உண்டாக்கும் முண்டு வேறு, இது வேறு. மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சை, தன் வித்துகளை வெளியே விடுவதற்காக வளர்க்கும் உறுப்பு இது. மழைக்கு முளைத்து இரண்டு நாளில் அழுகிப்போகும் குடைக்காளானுக்கும் வேலை இதேதான், ஆனால் அது சில நாள் வேலை செய்தால் போதும். இது வருடக்கணக்கில் நின்று வேலை செய்கிறது, அதனால்தான் கட்டை போல இறுகியிருக்கிறது.

ஒன்றை மட்டும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதிலிருந்துதான் வரும். நீங்கள் பார்க்கும் தட்டு அந்தப் பூஞ்சையின் காய் மாதிரி. அதன் உடம்பு மரத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளாக, தட்டுக்கு மேலும் கீழும் வெகுதூரம் பரவிக் கிடக்கிறது.

இதோட சரியான பேர் என்ன? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

அறிவியல் பெயர் கனோடெர்மா அப்ளனேட்டம். கனோடெர்மா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பளபளக்கும் தோல் என்று பொருள், அப்ளனேட்டம் என்ற லத்தீன் சொல்லுக்குத் தட்டையானது என்று பொருள். இதில் ஒரு சின்ன முரண்பாடு உண்டு: இந்த இனத்துக்குப் பளபளப்பே கிடையாது. இதன் உறவினர்கள் சிலர் வார்னிஷ் அடித்தது போல மின்னுவார்கள், கனோடெர்மா என்ற பெயர் அவர்களால் வந்தது. இனத்தை முதலில் விவரித்தவர் பெர்சூன் என்ற பூஞ்சை ஆய்வாளர், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். கனோடெர்மா என்ற பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தை, 1881-ல் கார்ஸ்டன் என்ற ஆய்வாளர் உருவாக்கினார், 1887-ல் பட்டுயார் என்ற இன்னொருவர் இந்தக் காளானை அதற்குள் கொண்டுவந்தார்.

ஆங்கிலத்தில் இதை ஓவியரின் காளான் என்று அழைக்கிறார்கள், காரணம் கீழே வரும். எனக்குப் பிடித்தது ஜப்பானியப் பெயர்தான்: தூள் பூத்த குரங்கின் இருக்கை. ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பெயரில் ஒரு சொல்கூட வீண் இல்லை என்று தெரியும். இந்தப் பக்கத்தில் நான் தட்டுக் காளான் என்றே எழுதுகிறேன்.

நான் பார்த்தது இதுதான்னு எப்படி உறுதி பண்றது?

கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். குடைக்காளானுக்கு இருப்பது போல மடிப்புகள் இருக்காது. வழவழப்பான வெள்ளைத் தளம் போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் ஊசி முனை அளவு துளைகள், ஒரு மில்லிமீட்டருக்குள் 4 முதல் 6 வரை. அந்த வெள்ளையில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். கீறிய இடம் உடனே பழுப்பாகிவிடும். மேல்பக்கம் பளபளப்பு இல்லாமல், சாம்பல் கலந்த பழுப்பில், வளையம் வளையமாக வரப்பு போட்டு, மேடும் பள்ளமுமாக இருக்கும். வளர்ந்துகொண்டிருந்தால் விளிம்பில் வெள்ளைக் கரை ஓடும். காம்பு இருக்காது, நேராக மரத்தோடு ஒட்டியிருக்கும்.

காய்ந்து விழுந்த ஒன்று கிடைத்தால் ரம்பத்தால் நெடுக்காக அறுத்துப் பாருங்கள். மேலே கெட்டியான ஓடு, அதன் கீழே லவங்கப்பட்டை நிறத்தில் நார் நாரான சதை, அதற்கும் கீழே நெருக்கமான குழாய்கள், ஒரு வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசை என்று அடுக்கடுக்காக. முதல் தடவை அறுத்தபோது புத்தகத்தின் பக்கவாட்டைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு. பெரியவை அரை மீட்டருக்கு மேலும் அகலம் போகும்.

சாப்பிடலாமா?

முடியாது. விஷம் என்பதற்காக இல்லை, கடிக்கவே முடியாது என்பதற்காக. எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் மென்மையாகாது. கிழக்கு ஆசியாவில் இதைச் சீவிக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரை மருந்தாகக் குடிக்கும் வழக்கம் உண்டு, அது உணவு இல்லை.

விஷம் இல்லைன்னா சரி, குழந்தை தொட்டுட்டான், கை கழுவினா போதுமா?

போதும். தொடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் மேலே படிந்திருக்கும் பழுப்புத் தூளை ஊதி விளையாட விடாதீர்கள். அது முழுக்க வித்து, கனோடெர்மா வித்துகள் சிலருக்கு மூக்கிலும் நுரையீரலிலும் ஒவ்வாமையைக் கிளப்புபவை என்று அறியப்பட்டவை. ஆஸ்துமா இருப்பவர்கள் இதை அறுப்பதோ தேய்ப்பதோ என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

இதுதானே ரெய்ஷி காளான்? புற்றுநோய்க்கு நல்லதுன்னு கேள்விப்பட்டேன்.

இது ரெய்ஷி இல்லை, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். லிங்ஸி அல்லது ரெய்ஷி என்று விற்கப்படுவது சிவப்பாக, மேலே அரக்கு பூசியது போல மின்னும் கனோடெர்மா இனங்கள், பெரும்பாலும் காம்போடு இருக்கும். மேலே பளபளப்பு இல்லை என்றால் ரெய்ஷி என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தட்டுக் காளானிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களை ஆய்வகத்தில் செல்களிலும் எலிகளிலும் சோதித்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் ஒரு செல் சாவதற்கும் ஒரு மனிதர் குணமாவதற்கும் நடுவே மிகப் பெரிய தூரம் இருக்கிறது, இந்தக் காளான் அதைக் கடக்கவில்லை. நோயோடு போராடுகிறவர் வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது மனது கனக்கிறது, அதனாலேயே நேராகச் சொல்கிறேன்: சிகிச்சையை நிறுத்திவிட்டு இதன் பின்னால் போகாதீர்கள். கஷாயமாகக் குடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்துகளோடு அது மோதலாம்.

காளான் மேலயும் பக்கத்துல இருக்கற இலை மேலயும் கோகோ பவுடர் கொட்டின மாதிரி இருக்கே, அது என்ன? வித்து கீழ்ப்பக்கம்தானே வரும்?

ரொம்ப நல்ல கவனிப்பு. வித்து வருவது கீழ்ப்பக்கத் துளைகளிலிருந்துதான். ஆனால் அது மண் துகள் போலக் கனமாக நேரே விழுவதில்லை. ஒரு வித்தின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, ஆகவே மரத்தை ஒட்டி மேலெழும் லேசான காற்றோட்டமே அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டின் மேல்பக்கம், மரப்பட்டை, சிலந்தி வலை என்று எல்லாவற்றிலும் படியவைக்கிறது.

அளவைக் கேட்டால் மலைப்பீர்கள். ஒரு பெரிய தட்டு ஒரு நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளை விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடத்தில் மாதக்கணக்கில் ராப்பகலாக. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், தட்டுக்குப் பின்னால் நிழல் தெரியும்படி நின்றுகொண்டு அதன் அடியைப் பாருங்கள். மெல்லிய புகை ஒன்று நிற்காமல் இறங்கிக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும். நான் அதை முதலில் பார்த்த அன்று அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஒரு நாளைக்கு 3,000 கோடின்னா இந்நேரம் எல்லா மரமும் காளானா ஆயிருக்கணுமே?

ஆகாது, ஏனென்றால் வித்து விழுந்தால் மட்டும் போதாது. பட்டை முழுசாக இருக்கும் மரத்தில் அது உள்ளே நுழைய வழியே இல்லை. கிளை முறிந்த இடம், வேர் வெட்டுப்பட்ட இடம், பட்டை உரிந்த இடம் என்று மரக்கட்டை வெளியே தெரியும் காயத்தில், சரியான ஈரத்தில், வேறு பூஞ்சை முந்திக்கொள்வதற்குள் விழ வேண்டும். முளைத்தாலும் தனியாகக் காய்க்க முடியாது, தனக்குப் பொருத்தமான இன்னொரு வித்திலிருந்து வந்த இழையோடு சேர வேண்டும். இத்தனையும் ஒன்றுகூடுவது அபூர்வம், அந்த அபூர்வத்துக்குத்தான் இத்தனை கோடி.

மரத்தை எப்படித் தின்னுது? பல்லும் இல்ல வயிறும் இல்ல.

செரிமானத்தை வெளியே வைத்துக்கொள்கிறது. நாம் விழுங்கிவிட்டுச் செரிக்கிறோம், பூஞ்சை முதலில் செரித்துவிட்டுப் பிறகு உறிஞ்சுகிறது. இழைகளின் நுனியிலிருந்து நொதிகள் கசிந்து கட்டையைக் கரைக்க, கரைந்ததை இழை இழுத்துக்கொள்கிறது.

மரக்கட்டையில் செல்லுலோஸ் என்ற நாரும், அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் லிக்னினும் இருக்கின்றன. லிக்னினை உடைப்பது பெரிய வித்தை, உலகத்தில் அதை முழுதாகச் செய்யக்கூடிய உயிர்கள் மிகக் குறைவு. தட்டுக் காளான் அந்தச் சிறு கூட்டத்தில் ஒன்று, லிக்னின், செல்லுலோஸ் இரண்டையும் தின்னும். நிறம் தரும் லிக்னின் போய்விடுவதால் மிச்சக் கட்டை வெளிறிப்போய், பஞ்சு போல ஈரமாக, அமுக்கினால் அமுங்கும்படி ஆகிறது. அதனால்தான் இதற்கு வெள்ளை அழுகல் என்று பெயர். வேறு சில பூஞ்சைகள் செல்லுலோஸை மட்டும் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவிடும், அப்போது கட்டை பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடிக்கும், அது பழுப்பு அழுகல். உளுத்த கட்டையைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தாலே இரண்டில் எது என்று சொல்லிவிடலாம்.

உயிரோட இருக்கற மரத்தைக் கொன்னுடுமா, இல்ல செத்த மரத்துல மட்டும்தான் வருமா?

இரண்டிலும் வரும். செத்த அடிக்கட்டையிலும் விழுந்த மரத்திலும்தான் அதிகம் பார்க்கலாம். உயிருள்ள மரத்தில் காயம் வழியாக நுழைந்தால் முதலில் நடுவில் இருக்கும் வைரத்தை, அதாவது கெட்டியான உள்கட்டையை, தின்னும். வைரம் ஏற்கெனவே உயிரற்ற பகுதி, மரத்தைத் தாங்கி நிற்பதுதான் அதன் வேலை. ஆகவே உள்ளே பாதி உளுத்த பிறகும் மேலே இலைகள் பச்சைப்பசேல் என்று இருக்கும், சாறு ஓடும் வெளிக்கட்டை நன்றாக இருக்கிறதே. நாள் ஆக ஆக வெளிக்கட்டைக்குள்ளும் போகும், அப்போது மரம் தளரும். பெரும்பாலும் நோயால் சாவதற்கு முன்பே காற்றில் முறிந்தோ வேரோடு சாய்ந்தோ போய்விடும்.

அகன்ற இலை மரங்கள்தான் இதற்குப் பிடித்தவை: பீச், மேப்பிள், ஓக், எல்ம், பாப்லர் போன்றவை. ஊசியிலை மரங்களிலும் எப்போதாவது வரும்.

காளானை வெட்டி எடுத்துட்டா மரம் பிழைச்சுக்குமா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. இல்லை. முதல் பதிலில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள், தட்டு என்பது காய். காயைப் பறித்தால் செடி சாகாது. இழைகள் உள்ளேயே இருக்கும், அதே இடத்திலோ பக்கத்திலோ இன்னொரு தட்டு வரும். சிலர் அத்தோடு நிற்காமல் காளான் இருந்த இடத்தை உளியால் குடைந்து சுத்தம் செய்து சிமெண்ட் வைத்து அடைக்கிறார்கள், அது இன்னும் மோசம். மரம் அழுகலைச் சுற்றித் தானே ஒரு தடுப்பு எழுப்ப முயலும், குடையும்போது அந்தத் தடுப்பையும் சேர்த்து உடைத்துவிடுகிறோம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வெளியே தெரியும் ஒரே அடையாளம் அந்தத் தட்டுதான். அதைச் சீவி எறிந்துவிட்டால் அடுத்து வந்து பார்ப்பவருக்கு எச்சரிக்கையே இருக்காது.

மருந்து ஏதாவது அடிக்கலாமா?

மேலே அடிக்கும் எந்தப் பூஞ்சைக்கொல்லியும் கட்டைக்குள் ஆழமாக இருக்கும் இழைகளுக்குப் போய்ச் சேராது. அழுகிய கட்டையைத் திரும்ப வைரமாக்கும் மருந்தும் கிடையாது. மரத்தின் பொதுவான ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்ளலாம்: வேர்ப் பகுதியில் மண்ணை இறுக்காதீர்கள், அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள், புதிதாக வெட்டுக்காயம் உண்டாக்காதீர்கள்.

எங்க வீட்டுப் பக்கம் சாய்ஞ்ச மரத்துல அடியில மூணு தட்டு இருக்கு. மரம் விழுமா? பயமா இருக்கு.

படத்தைப் பார்த்து விழும், விழாது என்று சொல்பவர் பொறுப்பில்லாமல் பேசுகிறார், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். தட்டு தரையை ஒட்டி, வேர் பிரியும் இடத்தில் இருந்தால் கவலை அதிகம், ஏனென்றால் அழுகல் வேருக்கும் போயிருக்கும். மரத்தைச் சுற்றி ஒரே பக்கம் இல்லாமல் பல பக்கங்களில் தட்டுகள் இருந்தால் இன்னும் அதிகம். மண்ணில் வெடிப்பு, ஒரு பக்கம் வேரும் மண்ணும் சேர்ந்து எழும்புவது, சமீபத்தில் கூடிய சாய்வு, இவை தெரிந்தால் அதன் கீழே உட்காருவதையும் வண்டி நிறுத்துவதையும் இன்றே நிறுத்துங்கள்.

மரத்தைச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்ப்பது பழைய முறை, பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். மரப் பராமரிப்பு வல்லுநர்களிடம் மெல்லிய ஊசித் துளைப்பான் இருக்கும், கட்டை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அது கோடாக வரைந்து காட்டும். ஒலி அலைகளைச் செலுத்தி உள்படம் எடுக்கும் கருவியும் உண்டு. நடுவில் பொந்து விழுந்தாலும் சுற்றிலும் நல்ல கட்டை போதிய தடிமனில் இருந்தால் குழாய் மாதிரி மரம் உறுதியாக நிற்கும், ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். அந்தக் கணக்கு தண்டுக்கு மட்டும்தான், வேர் அழுகியிருந்தால் அது செல்லாது. வீட்டின் மேல் விழக்கூடிய மரம் என்றால் நேரில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்துல இருக்கற நல்ல மரத்துக்கும் தொத்திக்குமா?

வித்து எப்படியும் காற்றில் இருக்கிறது, இந்த ஒரு தட்டை எடுப்பதால் அது குறையப் போவதில்லை. காயம்தான் வாசல் என்று முன்னால் சொன்னேன், ஆகவே பக்கத்து மரத்தைக் காயப்படுத்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. புல் வெட்டும் இயந்திரம் அடிமரத்தில் உரசுவதும், குழாய் பதிக்கத் தோண்டும்போது வேரை அறுப்பதும் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பத்து வருடம் கழித்து வரும் தட்டுக்கு அங்கேதான் ஆரம்பம்.

வீட்டுக் கதவு, மேஜையில எல்லாம் வந்துடுமா?

வராது. உலர்ந்த மரத்தில் பூஞ்சை வளர முடியாது, கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை எந்த அழுகலும் தொடங்காது. ஆனால் காய்ந்த தட்டை அலங்காரத்துக்கு வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்கள் என்றால் உள்ளே வண்டுகளும் புழுக்களும் இருக்கும். பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்துவிட்டு எடுங்கள்.

எத்தனை வயசுன்னு கண்டுபிடிக்க முடியுமா? மேல இருக்கற வளையத்தை எண்ணினா போதுமா?

மேல் வளையங்களை நம்ப வேண்டாம், ஒரே வருடத்தில் வறட்சி வந்து நின்று மறுபடி வளர்ந்தால் இரண்டு வரப்பு விழும். அறுத்துப் பார்த்தால் தெரியும் குழாய் அடுக்குகள்தான் சரியான கணக்கு: குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும் நாடுகளில் வருடத்துக்கு ஓர் அடுக்கு. வருடம் முழுவதும் வெப்பமாக இருக்கும் இடங்களில் அந்த ஒழுங்கும் கிடையாது, அடுக்கு என்பது மழைக்கும் வறட்சிக்கும் ஏற்ப விழும். பத்து வருடத்தைத் தாண்டியவை அபூர்வம் இல்லை.

விழுந்த மரத்துல ஒரு தட்டு செங்குத்தா நிக்குது, அதுலேருந்து இன்னொரு தட்டு குறுக்கால முளைச்சிருக்கு. இது ஏன் இப்படி?

மரம் விழுந்த கதையை அந்தக் காளான் உங்களுக்குச் சொல்கிறது. நிற்கும் மரத்தில் தட்டு தரைக்கு இணையாக இருந்தது, மரம் சாய்ந்ததும் தட்டும் சேர்ந்து செங்குத்தாகத் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த பகுதி புதிதாகத் தரைக்கு இணையாக வளர்ந்திருக்கிறது. கீழே எது என்று காளானுக்குத் தெரியும், புவியீர்ப்பை உணர்ந்து குழாய்களை நேர்ச்செங்குத்தாக வைத்துக்கொள்ளும்.

அப்படி வைத்தே ஆக வேண்டும். ஒரு குழாயின் நீளம் ஒரு சென்டிமீட்டர் வரை போகலாம், அகலமோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஒரு மீட்டர் அகலத்தில் ஐம்பது அறுபது மீட்டர் ஆழத்துக்கு வெட்டிய கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த விகிதம். சுவரிலிருந்து வித்து மிகச் சிறிய தூரம் துள்ளிக் கிணற்றின் நடுவுக்கு வந்து அங்கிருந்து நேரே கீழே விழ வேண்டும். கிணறு கொஞ்சம் சாய்ந்தாலும் போகிற வழியில் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரி இரண்டு திசையில் வளர்ந்த தட்டு கிடைத்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதுப் பகுதியின் அடுக்குகளை எண்ணினால் மரம் எப்போது விழுந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். முந்தின பதிலில் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

கீழ்ப்பக்க வெள்ளையில காம்பு காம்பா முண்டு வந்திருக்கு, நோயா?

படம் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தால் அது அகத்தோமியா வான்கோவிச்சி என்ற சிறிய ஈயின் வேலை. அதன் புழு உள்ளே வளர, காளான் அதைச் சுற்றிக் கூம்பாக வளர்கிறது. புழு முற்றியதும் கூம்பின் நுனியில் வட்ட ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே விழுந்துவிடும். பூஞ்சையில் இப்படிக் கூடு கட்டவைக்கும் பூச்சிகள் வெகு குறைவு.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கொம்பு வைத்த ஒரு வண்டு, போலிட்டோதீரஸ் கார்னூட்டஸ், இந்தக் காளானிலேயே பிறந்து, தின்று, சண்டை போட்டு, முட்டையிட்டு வாழ்ந்து முடிக்கிறது. ஆண் வண்டின் கொம்புகள் பெண்ணுக்காக மோதுவதற்கு. தொட்டால் காலை மடக்கிச் செத்தது போலக் கிடக்கும், நிறம் அப்படியே காளான் துண்டு மாதிரி.

பெரிய விலங்கு ஏதாவது இதைத் தின்னுமா?

மலைக் கொரில்லாக்கள் தின்னும். ருவாண்டாவின் விருங்கா மலைகளில் அவற்றோடு வருடக்கணக்கில் வாழ்ந்த டயன் ஃபாஸி இதைப் பதிவு செய்திருக்கிறார். சின்னக் கொரில்லாக்களால் அதைப் பிய்க்க முடியாது, மரத்தைக் கையாலும் காலாலும் கட்டிக்கொண்டு அப்படியே கடித்துத் தின்னப் பார்க்கும். பெரியவை பிய்த்து எடுத்துக்கொண்டு தூரமாகப் போய்விடும், தங்களைவிடப் பெரியவன் பிடுங்க வந்தாலும் விடாமல் காத்துக்கொள்ளும். நம்மால் கடிக்க முடியாததுக்கு அங்கே அவ்வளவு போட்டி.

இதுல படம் வரையலாம்னு சொல்றாங்களே, எப்படி?

கீறினால் பழுப்பாகும் என்றேன் அல்லவா, அதுதான் ஓவியரின் காளான் என்ற பெயருக்குக் காரணம். விளிம்பு வெள்ளையாக, வளர்ந்துகொண்டிருக்கும் தட்டாகப் பாருங்கள். காய்ந்ததில் கோடு விழாது. எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள், அடியில் விரல் பட்டால் ரேகையோடு பதிந்துவிடும், அழிக்க வழியே கிடையாது. கூர்மையான ஊசியால் லேசாகக் கீறினால் மெல்லிய கோடு, அழுத்தினால் கருமையான கோடு, மழுங்கின குச்சியால் தேய்த்தால் நிழல். அப்புறம் வெள்ளைப் பக்கம் எதிலும் படாதபடி காற்றில் உலரவிடுங்கள், சில வாரம் ஆகும். உலர்ந்த பின் பல வருடம் அப்படியே இருக்கும்.

ஒரு வேண்டுகோள். பத்து வருடம் வளர்ந்ததை ஒரு மாலைநேரப் பொழுதுபோக்குக்காகப் பிடுங்குவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். ஒரே மரத்தில் நாலைந்து இருந்தால் சின்னதாக ஒன்று மட்டும் எடுங்கள், பாதுகாக்கப்பட்ட காடுகளில் எதையும் எடுக்காதீர்கள்.

பனியில கிடைச்ச பழங்கால மனிதன் பையில இருந்தது இதுதானா?

இல்லை. 1991-ல் ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 வருடப் பழைமையான ஏட்ஸி என்ற மனிதனிடம் இரண்டு காளான்கள் இருந்தன: தீ மூட்டப் பயன்படும் ஃபோமெஸ் ஃபொமென்டாரியஸ், பிர்ச் மரத்தில் வரும் இன்னொன்று. முதலாவது தட்டையாக இருக்காது, குதிரைக் குளம்பு வடிவில் இருக்கும். தூரத்தில் பார்த்தால் குழப்பும், அதனால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

தென்னை மரத்து அடியில வர்ற காளானும் இதுதானா?

பேரினம் ஒன்றுதான், இனம் வேறு. தென்னையிலும் எண்ணெய்ப்பனையிலும் அடித்தண்டழுகல் நோயைத் தருபவை வேறு கனோடெர்மாக்கள், எண்ணெய்ப்பனையில் முக்கியமாகக் கனோடெர்மா போனினென்ஸ். அவை உயிருள்ள மரத்தைத் தாக்கிக் கொல்வதில் இதைவிட மிகவும் மூர்க்கமானவை, வேர் வழியாக மரத்துக்கு மரம் பரவும். ஆகவே இந்தப் பக்கத்தில் "பதறாதீர்கள்" என்ற தொனியில் நான் எழுதியதைத் தென்னந்தோப்புக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள், வேளாண் துறையினரிடம் உடனே காட்டுங்கள்.

வெப்பமண்டலத்துல இருக்கறது அப்ளனேட்டமே இல்ல, வேற இனம்னு ஒருத்தர் வாதாடறார். யார் சொல்றது சரி?

அவர் சொல்வதில் பெரிய நியாயம் இருக்கிறது. அப்ளனேட்டம் என்று உலகம் முழுவதும் எழுதிவைத்த காளான்களை டி.என்.ஏ. வைத்துப் பார்த்தபோது, ஒரே மாதிரி தோற்றத்தில் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. வெப்பமான பகுதிகளிலும் தெற்கு அரைக்கோளத்திலும் காண்பவை பலவும் கனோடெர்மா ஆஸ்த்ராலே என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆசியாவில் கனோடெர்மா கிப்போசம் உண்டு. ஐரோப்பாவிலேயே கனோடெர்மா அட்ஸ்பெர்சம் என்று ஒன்று, கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம், நுண்ணோக்கியில் அதன் வித்து சற்றுப் பெரியதாக இருக்கும்.

ஆகவே நீங்கள் படம் அனுப்பினால் என்னால் "அப்ளனேட்டம் வகைத் தட்டுக் காளான்" என்றுதான் சொல்ல முடியும். மேலே உள்ள பதில்களில் மரம், அழுகல், வெட்டுவது, விழுவது பற்றிச் சொன்னவை இந்தக் கூட்டம் முழுவதுக்கும் பொதுவாகப் பொருந்தும். ஈயின் கூம்பு போன்ற தகவல்கள் மட்டும் அந்தந்த இடத்துக்கே உரியவை.

காட்டுல பார்த்தா மரத்தைக் காப்பாத்த அதைப் பிடுங்கிப் போடணுமா?

வேண்டாம், விட்டுவிடுங்கள். லிக்னினை உடைப்பவர்கள் குறைவு என்றேன், அந்தச் சிலரும் இல்லாவிட்டால் விழுந்த மரங்கள் மண்ணாகாமல் குவிந்துகொண்டே இருக்கும், அவற்றுக்குள் அடைபட்ட சத்து அடுத்த நாற்றுக்குப் போகாது. பூஞ்சை இளக்கிய கட்டையில்தான் மரங்கொத்தி சிரமமில்லாமல் பொந்து குடைகிறது, அது விட்டுப்போன பொந்தில் ஆந்தையும் அணிலும் குடியேறுகின்றன. வீட்டோரத்து மரத்தைப் பற்றிய கவலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காட்டில் நிற்கும் பொந்து மரம் பாழான மரம் இல்லை, அதில் குடியிருப்பவர்கள் அதிகம்.

மரம் முழுசா செத்த பிறகு காளான் என்ன ஆகும்?

உணவு இருக்கும்வரை தொடரும். மரம் செத்த பின்னும் அடிக்கட்டையில் பல வருடம் புது அடுக்கு போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் விளிம்பில் வெள்ளைக் கரை வராது, அடிப்பக்கம் பழுப்பாகி, கீறினாலும் கோடு விழாது. அதற்குப் பிறகு வண்டுகள் உள்ளே துளைத்து, மேலே பாசி படர்ந்து, கனம் குறைந்து நெட்டி மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஒரு மழைநாளில் கட்டையோடு சேர்ந்து உதிரும்.